காயத்துக்குப் பின் முதல் ஓட்டம்

மும்பையில் வாழும் தமிழருக்குக் கால்களே முதல் மூலதனம் என்று கூறினால் அது மிகையாகாது. தாராவியின் சந்துகளிலிருந்து சயான் நிலையத்துக்கும், மாதுங்காவின் பழைய கட்டடங்களிலிருந்து தாதருக்கும், செம்பூரிலிருந்து வடாலா வழியாகக் கோட்டைப் பகுதிக்கும் நாள்தோறும் நம்மைக் கொண்டு சேர்ப்பவை ரயில் வண்டிகள். அவ்வண்டிகளை எட்டிப் பிடிப்பவையோ நம் கால்கள். கோடை விடுமுறையில் பெட்டி படுக்கையுடன் ஊருக்குப் புறப்படும்போதும் அக்கால்களையே நம்பி மேல் தட்டில் ஏறுகிறோம். வண்டி நின்றும் நில்லாமலும் இருக்கையில் குடிநீருக்காக இறங்குகிறோம். நள்ளிரவில் ஏதோ ஒரு நிலையத்தில் குழந்தையைத் தோளில் சுமந்து படியேறுகிறோம்.

இத்தகைய வாழ்க்கையில் பிரயாணத்தின்போது காலில் அடிபடுவது அரிதன்று. கணுக்கால் பிசகுகிறது, முழங்கால் திருகிக்கொள்கிறது, சிலருக்கு எலும்பே முறிந்துவிடுகிறது. அடிபட்ட அன்று உற்றாரும் அண்டை வீட்டாரும் ஓடி வருகின்றனர். மருத்துவமனை, எக்ஸ்ரே, மாவுக்கட்டு என்று அனைத்தும் முறையாக நடைபெறுகின்றன. கட்டு அவிழ்க்கப்பட்ட மறுநாளோ, எல்லாம் முடிந்துவிட்டதென எண்ணி யாவரும் தத்தம் வேலையைப் பார்க்கப் போய்விடுகின்றனர். உண்மையில் பாதி வேலைதான் அன்று முடிந்திருக்கிறது. நடக்கக் கற்று, பின்னர் ஓடக் கற்கும் மறுபாதி அன்றுதான் தொடங்குகிறது. அதனைப் பற்றி நம் குடும்பங்களில் பேசுவோர் குறைவு. ஆகையால் இம்மாதம் அதனை விரிவாக எடுத்துரைக்க விழைகிறோம்.

நாட்டியத்துக்குத் திரும்பிய கால்

இவ்விஷயத்தில் நம் நகரத்துக்கு மிக நெருங்கிய உதாரணம் நாட்டியக் கலைஞர் சுதா சந்திரன் அவர்கள். பிற்காலத்தில் இந்தி, தமிழ்த் தொலைக்காட்சித் தொடர்களின் வாயிலாக நம் இல்லங்களில் நன்கு அறிமுகமான இவர், மும்பையில் வளர்ந்து, இளமையிலேயே பரதநாட்டியம் பயின்று மேடையேறியவர். 1981ஆம் ஆண்டு, ஏறத்தாழ 16 வயதில், தமிழ்நாட்டில் பிரயாணம் செய்துகொண்டிருந்தபோது திருச்சிராப்பள்ளிக்கு அருகே சாலை விபத்தில் சிக்கினார். காலில் ஏற்பட்ட காயத்தில் அழுகல் நோய் பரவியதால், வலது காலின் கீழ்ப்பகுதியை நீக்க நேரிட்டது. நாட்டியமே உயிரென வாழ்ந்த பெண்ணுக்கு இதனினும் கொடிய செய்தி வேறென்ன இருக்கமுடியும்?

அதே 1981ஆம் ஆண்டில், ஜெய்ப்பூர் நகரத்து எலும்பு மருத்துவர் பி. கே. சேத்தி அவர்களுக்கு மகசேசே விருது வழங்கப்பட்டது. அவரும், ராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் சேர்ந்து 1960களின் பிற்பகுதியில் உருவாக்கியதே இன்று உலகெங்கும் அறியப்படும் 'ஜெய்ப்பூர் கால்'. மேல்நாட்டில் அக்காலத்தே செய்யப்பட்ட செயற்கைப் பாதம் பூட்ஸுக்குள் மறைந்திருக்க ஏற்றது; ஆனால் சம்மணமிடவும், குந்தி உட்காரவும், வெறுங்காலுடன் வயல் வரப்பில் நடக்கவும் வேண்டிய நம்மவருக்கு அது உதவவில்லை. ரப்பரையும் மரத்தையும் இணைத்து அச்சில் வார்க்கப்பட்ட ஜெய்ப்பூர்ப் பாதமோ பல திசைகளிலும் வளைந்து கொடுத்தது. செருப்பின்றியும் நடக்க இடம் தந்தது. வெறும் பாதத்தால் தரையைத் தட்டி ஆடவேண்டிய பரதத்துக்கு இதுவே இன்றியமையாத பண்பு அல்லவா?

சேத்தி அவர்களை நாடிச் சென்று சுதா சந்திரன் அக்காலைப் பெற்றார். பெற்ற மறுநாளே அவர் ஆடிவிடவில்லை. வலியையும் புண்ணையும் பொறுத்துப் பயின்று, 1984 ஜனவரியில்தான் மும்பையில் மீண்டும் மேடையேறினார். அவர் வரலாற்றைத் தழுவி, அவரே நடிக்க, 'மயூரி' என்னும் தெலுங்குப் படமும், 1986ல் 'நாச்சே மயூரி' என்னும் இந்திப் படமும் வெளிவந்தன. படத்தில் சில நிமிடங்களில் கடந்து போகும் அந்த இடைக்காலம், வாழ்க்கையில் இரண்டரை ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. மேடையில் ஒலித்த கைதட்டலை யாவரும் நினைவிற் கொள்கிறோம். நாம் கற்கவேண்டிய பாடம் அந்த இரண்டரை ஆண்டுகளில் இருக்கிறது.

ஓட்டத்திலும் இதற்கு ஒப்பான வரலாறு உண்டு. ஹைதராபாத்தில் பணியாற்றி வந்த கிரண் கனோஜியா என்னும் பெண்மணி, 2011 டிசம்பரில் தம் ஊருக்கு ரயிலில் சென்றுகொண்டிருந்தார். அப்போது பையைப் பறிக்க முயன்ற கயவர்களால் வண்டியிலிருந்து இழுக்கப்பட்டு விழுந்து, இடது காலை இழந்தார். நடப்பதற்குரிய செயற்கைக் காலில் முதலில் பழகி, அதன் பின்னரே ஓட்டத்துக்கென அமைந்த வளைந்த தகட்டுக் காலை அணிந்து ஹைதராபாத் மாரத்தானில் ஓடினார். நடைக்கு ஒரு கால், ஓட்டத்துக்கு மற்றொரு கால். முன்னதில் தேறாமல் பின்னதை அணிவதற்கில்லை. இறைவன் அருளால் கால் முழுமையாக இருப்பவர்க்கும் இவ்வரிசை பொருந்தும்.

மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்

சில வாரங்கள் ஓய்வில் இருந்தபின் மீண்டும் உடலை இயக்கத் தொடங்கினால், இதயமும் நுரையீரலும் விரைவில் பழைய நிலையை எட்டத் தொடங்குகின்றன. தசை அதற்கு அடுத்தபடி வலுப்பெறுகிறது. தசையை எலும்போடு பிணைக்கும் நாண்களும், எலும்போடு எலும்பைப் பிணைக்கும் தசைநார்களும் இரத்த ஓட்டம் குறைந்தவை. அவை தேறுவதற்குப் பல மாதங்கள் ஆகும். எலும்பின் கதையும் அதுவே. கணுக்கால் எலும்பில் ஏற்படும் சாதாரண முறிவு ஒட்டுவதற்குப் பொதுவாக 6 முதல் 12 வாரங்கள் செல்லும். முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பு முறிந்தால் 4 முதல் 6 மாதங்களும் ஆகலாம். ஒட்டிய எலும்பு தன் முழு வலிமையைப் பெறுவது அதற்கும் பின்னரே.

அபாயம் இவ்விடைவெளியில் பதுங்கியிருக்கிறது. மூச்சு வாங்கவில்லை, உடல் இலேசாக இருக்கிறது, உற்சாகம் பொங்குகிறது. "இனி ஓடலாம்" என்று நெஞ்சு கூறுகிறது. நெஞ்சின் சொல்லைக் கேட்டுக் கால் ஓடுகிறது; சுமை தாங்காமல் மீண்டும் பழுதடைகிறது. நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் நம் உடலின் எடையைவிடச் சிறிது கூடுதலான பாரமே காலில் விழுகிறது. ஓடும்போதோ அது இரண்டு, மூன்று மடங்காகிறது. 60 கிலோ எடையுள்ளவர் ஓடுகையில் ஒவ்வோர் அடிக்கும் 120 முதல் 180 கிலோ வரை ஒற்றைக் கால் தாங்கவேண்டும். மெதுவாக ஓடுபவர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1000 அடிகள் வைக்கிறார். ஆறாத காலின்மீது அச்சுமை 500 முறை விழுமாயின் அதன் கதி யாதாகும் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான மாரத்தான் முதன்முறையாக இடம்பெற்றது. அதில் 2 மணி 24 நிமிடம் 52 வினாடிகளில் முதலாவதாக வந்தவர் அமெரிக்க வீராங்கனை ஜோன் பெனாய்ட். ஒலிம்பிக்குக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் அந்நாட்டுப் போட்டிக்குச் சரியாக 17 நாட்களுக்கு முன்னர் அவருக்கு முழங்காலில் சிறு அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. இதனைக் கேட்போர், "அவர் 17 நாட்களில் ஓடினாரே, நாம் ஏன் காத்திருக்க வேண்டும்?" என்று வினவுவது இயல்பு. அவசரமாகப் பயிற்சிக்குத் திரும்பியதில், நோவுள்ள காலுக்கு ஈடு கொடுத்த மறுகாலின் பின்தொடைத் தசை பிசகிக்கொண்டது என்பதையும் அவர்கள் அறிதல் வேண்டும். ஒலிம்பிக்கில் வென்ற வீராங்கனைக்கே அந்நிலை என்றால், காலையில் வேலைக்குச் சென்று இரவில் வீடு திரும்பும் நமக்கு எச்சரிக்கை எவ்வளவு தேவை!

பிளாட்பாரத்தில் காத்திருக்கும் சோதனை

பிற ஊர்களில் காயம் ஆறியவர் தம் முதல் ஓட்டத்தை மைதானத்தில் ஓடுகிறார். மும்பைவாசியின் முதல் ஓட்டமோ பெரும்பாலும் ரயில் நிலையத்தில் நிகழ்ந்துவிடுகிறது. பாலத்தின் மேலிருந்து பார்க்கும்போது வண்டி கீழே நிற்கிறது. கைகாட்டி மாறிவிட்டது. பழக்கத்தின் வேகத்தில் கால்கள் தாமே படிகளில் பாய்கின்றன. முன்னேற்பாடு இல்லை, உடல் சூடேறவில்லை, தோளிலோ பை, சுற்றிலும் நெரிசல், போதாக்குறைக்கு, நகரும் வண்டியில் ஒற்றைக் காலை ஊன்றித் தாவும் முயற்சி. தேறிவரும் காலுக்கு இதனினும் கடுமையான சோதனையை எந்தப் பயிற்சியாளரும் வைக்கமாட்டார்.

ஆகவே, கட்டு அவிழ்ந்து வேலைக்குத் திரும்புபவர் முதற்கண் செய்யவேண்டிய ஏற்பாடு, வீட்டிலிருந்து 15 நிமிடம் முன்னதாகப் புறப்படுவதே. மழைக்காலமாயின் இன்னும் சிறிது முன்னதாகப் புறப்படுதல் நலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் நகரத்தின் படிகளும் ஓடுகளும் எத்துணை வழுக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வீட்டில் உள்ளோரும் இதற்கு ஒத்துழைக்கவேண்டும். குழாய்த் தண்ணீர் பிடிப்பதும், குழந்தையைப் பள்ளிக்குக் கொண்டு விடுவதும் சில வாரங்களுக்கேனும் மற்றவர் பொறுப்பாகட்டும்.

ஏணியின் படிகள்

ஓட விரும்புவோர் ஏறவேண்டிய படிகளை இனிக் காண்போம். எலும்பு முறிந்தவரும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவரும் மருத்துவரின் அனுமதி பெற்ற பின்னரே இவற்றில் அடியெடுத்து வைக்கவேண்டும்.

முதற்படி நடை. நொண்டாமல், வலியில்லாமல், விரைந்த நடையாக 30 நிமிடம் நடக்க முடிகிறதா? முடிந்தால், அடிபட்ட காலில் மட்டும் நின்று அரை நிமிடம் தள்ளாடாமல் இருக்க முடிகிறதா என்று பார்க்கவேண்டும். கணுக்கால் பிசகியவர்க்கு இச்சோதனை மிக முக்கியம். தசைநார் அறுபடும்போது, பாதம் எந்நிலையில் இருக்கிறதென்று மூளைக்கு உணர்த்தும் ஆற்றலும் குன்றிவிடுகிறது; ஒரு முறை பிசகிய கணுக்கால் மீண்டும் மீண்டும் பிசகுவதற்கு இஃதொரு பெருங்காரணம். ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சியே அதற்கு மருந்து. பல் துலக்கும்போதுகூட, அருகில் பிடிமானம் வைத்துக்கொண்டு, இதனைச் செய்யலாம்.

இரண்டாம் படி, நடையும் ஓட்டமும் கலந்தது. 5 நிமிடம் நடந்து உடலைச் சூடாக்கியபின், 1 நிமிடம் மெல்லோட்டம், 2 நிமிடம் நடை என மாறிமாறி ஆறு முறை செய்தல் போதுமானது. மறுநாள் ஓய்வு. ஒருநாள் விட்டு ஒருநாள் இவ்வாறு செய்து, இரண்டு வாரங்கள் தொல்லையின்றிச் சென்றால், ஓடும் நேரத்தைச் சிறிது கூட்டி நடக்கும் நேரத்தைச் சிறிது குறைக்கலாம்.

மூன்றாம் படியில் தொடர்ந்து ஓடலாம். இங்கும் முதலில் கூட்டவேண்டியது நேரத்தை. வேகத்தையும் ஏற்றத்தையும் இறுதியிலேயே சேர்க்கவேண்டும். இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்டுவது கூடாது.

படியேறும் வேளையில் வலியே வழிகாட்டி. இலேசாகத் தோன்றி, மறுநாள் காலைக்குள் மறைந்துவிடும் வலியைப் பொறுத்துக்கொள்ளலாம். நொண்டச் செய்யும் வலியும், கத்தியால் குத்துவதுபோன்ற கூர்மையான வலியும், உறக்கத்தில் எழுப்பும் வலியும், வீக்கமும் 'இறங்கு' என்னும் கட்டளைகள். அப்போது ஒரு படி இறங்குவதில் நாணம் வேண்டியதில்லை. நீரிழிவு உள்ளவர்க்குப் பாதத்தில் உணர்ச்சி குன்றியிருக்கக்கூடும். அவர்கள் வலியை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு நாளும் பாதத்தைக் கண்ணால் பார்த்துப் புண் உண்டா என்று சோதித்தல் வேண்டும்.

இடத்தைப் பற்றியும் ஒரு சொல். மாதுங்காவில் இருப்போர்க்கு ஐந்து தோட்டங்கள் என்னும் பூங்காக்களின் மரநிழல் இருக்கிறது. தாதர் பக்கத்தில் சிவாஜி பார்க்கின் மண் தரை உள்ளது. செம்பூர் அன்பர்களுக்கு டைமண்ட் கார்டன் உண்டு. தாராவியின் 90 அடி சாலையில் கடைகள் திறந்தபின் நடக்கவே இடமிராது. கருக்கலில் எழுபவர்க்கே அது வழிவிடும். எங்கு ஓடினாலும், மேடுபள்ளமற்ற தரையைத் தேர்ந்து, ஒரே இடத்தைச் சுற்றி வருவது நன்று. வலி தோன்றினால் வீடு தொலைவில் இராது.

மீண்டும் பிரயாணம் நேரும்போது

காயம் ஆறுமுன்னரே ஊருக்குச் செல்லவேண்டிய கட்டாயம் நம்மவர்க்கு அடிக்கடி நேர்கிறது. திருமணமும் துக்கமும் நம் காலுக்காகக் காத்திரா. சென்னைக்கு ஏறத்தாழ ஒரு நாளும், நெல்லைக்கும் நாகர்கோவிலுக்கும் அதனினும் மிகுதியான நேரமும் வண்டியில் இருக்கவேண்டும். கால் தொங்கியபடியே அமர்ந்திருந்தால் வீக்கம் காணும். சீட்டுப் பதியும்போதே கீழ்த் தட்டைக் கேட்டுப் பெறுதல், மணிக்கொரு தரம் பாதத்தை மேலும் கீழும் அசைத்தல், இயன்றபோது பெட்டிக்குள் சில அடி நடத்தல், வேண்டிய அளவு நீர் அருந்துதல் ஆகியவை உதவும். கட்டுப்போட்ட காலையோ அறுவை செய்த காலையோ நெடுநேரம் அசைக்காதிருந்தால், கெண்டைக்காலில் இரத்தம் உறையக்கூடும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், திடீரென மூச்சுத் திணறி நெஞ்சு வலித்தாலும், இறங்கும் ஊர் வரட்டும் என்று காத்திராமல் ரயில்வே ஊழியரிடம் சொல்லி உடனே மருத்துவ உதவி பெறவேண்டும்.

எக்ஸ்ரே படங்களையும் மருத்துவமனைச் சீட்டையும் பையில் எடுத்துச் செல்ல மறவாதீர்கள். மும்பை மருத்துவர் செய்தது என்னவென்று ஊர் மருத்துவர் அறிய வேறு வழி இல்லை. ஊரில் புதிதாக அடிபட்டாலோ, "வெறும் சுளுக்குத்தானே, எண்ணெய் போட்டு நீவிவிட்டால் சரியாகிவிடும்" என்று பெரியம்மாவும் அத்தையும் அன்போடு கூறுவர். அவர்கள் அன்பை மதிப்போம். ஆனால் நான்கு அடிகூட ஊன்றி நடக்க இயலாத காலை எக்ஸ்ரே எடுக்குமுன் நீவலாகாது. யார் போட்ட கட்டாயினும், விரல்கள் சில்லிட்டு நீலம் பாய்ந்தாலும், மரத்துப்போனாலும், வலி குறையாமல் ஏறிக்கொண்டே சென்றாலும், கட்டு இறுகி இரத்த ஓட்டம் தடைபடுகிறது என்று பொருள். திறந்த புண்ணின்மேல் கட்டியிருக்குமாயின் துர்நாற்றத்தையும் காய்ச்சலையும் கவனிக்கவேண்டும். இவற்றுள் எது காணினும் ஓர் இரவுகூடத் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். கால் பிழைப்பதும் இழப்பதும் அச்சில மணி நேரத்தில் அடங்கியிருக்கக்கூடும்.

நாள் குறித்த ஓட்டங்கள்

நம் இளைஞர்க்கு ஓட்டம் பொழுதுபோக்கு மட்டுமன்று. மகாராஷ்டிரக் காவலர் தேர்வில் ஆண்கள் 1600 மீட்டரும் பெண்கள் 800 மீட்டரும் ஓடவேண்டும். இருபாலர்க்கும் 100 மீட்டர் ஓட்டமும் உண்டு. தமிழ்நாட்டுக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் கடக்கவேண்டும். ஒரு குடும்பத்தின் நிலையே இச்சில நிமிடங்களில் மாறக்கூடும். தேர்வுக்காக இரவெல்லாம் வண்டியில் நின்று சென்று, பிளாட்பாரத்தில் துண்டை விரித்துக் கண்ணயர்ந்து, விடியலில் மைதானத்தில் ஓடும் பிள்ளைகள் உள்ளனர். அவர்களுள் ஒருவனுக்கு ஒரு மாதத்துக்கு முன்னர்க் கணுக்கால் பிசகியிருந்தால் அவன் என்ன செய்வான்? வலியை மறைப்பான். கேட்டால், "ஒன்றுமில்லை அப்பா" என்பான்.

பெற்றோர் இதனை உணரவேண்டும். கூடுமாயின் ஒருநாள் முன்னதாகவே பிள்ளையை அவ்வூருக்கு அனுப்பிவையுங்கள். உறங்கி எழுந்த காலே நன்றாக ஓடும். காயம் ஆறவில்லையெனில் மருத்துவரைக் கலந்து முடிவு செய்யுங்கள். இந்தத் தேர்வு தவறினாலும், வயது வரம்பு இருக்கும்வரை அடுத்த தேர்வுக்கு முயலலாம். முறிந்த காலுடன் ஓடி, இரண்டு தேர்வுகளையும் இழப்பது குடும்பத்துக்கு என்ன இலாபம்?

2004ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வரும் மும்பை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காயமுற்றவர்க்கும் இதுவே நம் வேண்டுகோள். அதில் 42 கிலோமீட்டரும் ஓடியவர்கள் பெடர் சாலையின் ஏற்றத்தை எளிதில் மறவார். நல்ல கால்களையே அது திணறச் செய்யும். செலுத்திய கட்டணம் வீணாகிறதே என்று தேறாத காலை அங்கே கொண்டு போகவேண்டாம். ஓராண்டு பாதையோரத்தில் நின்று ஓடுவோர்க்குத் தண்ணீர் கொடுப்பதும் நற்பணியே.

காயம் ஆறியவர் ஒருவர் உங்கள் வீட்டில் இருப்பாராயின், நாளைக் காலை அவரை 15 நிமிடம் முன்னதாக வழியனுப்புங்கள். அவர் பாலத்தில் நிற்கையில் வண்டி புறப்பட்டுவிட்டால், போகட்டும். நம் நகரத்தில் அடுத்த வண்டி சில நிமிடங்களில் வந்துவிடும்.